என்பிஏ 2கே: ஷாட் ஏன் விழவில்லை? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

என்பிஏ 2கே என்ற கூடைப்பந்து வீடியோ கேம் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் ஷாட் விழவில்லை என்றால் உடனே ஜம்ப்ஷாட்டை, அதாவது ஆட்டக்காரர் குதித்து எறியும் பாணியை, மாற்றுவார்கள். அடுத்த மேட்சிலும் விழாவிட்டால் இன்னொன்று. இப்படி மாற்றிக்கொண்டே போனால் விரலுக்கு எதுவுமே பழகாது. பந்து ரிங்கில் பட்டு வெளியே தெறிப்பதற்கு டைமிங் ஒரு காரணம்தான். டிவி, கன்ட்ரோலர், இணையம், ஆட்டக்காரரின் ரேட்டிங் (திறன் எண்), முகத்துக்கு நேரே நீளும் எதிராளியின் கை, களைப்பு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, கடைசியில் கட்டைவிரலைச் சந்தேகப்படுவதுதான் முறை.

கீழே இருப்பதை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நடப்பது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: திரை சொல்வதைப் படியுங்கள்

பிளேஸ்டேஷனில் சதுரப் பொத்தான், எக்ஸ்பாக்ஸில் எக்ஸ். அழுத்திப் பிடித்து, சரியான கணத்தில் விட்டால் ஷாட். வலது ஸ்டிக்காலும் எறியலாம். எப்படி எறிந்தாலும் பந்து கையை விட்டுப் போனதும் ஆட்டக்காரரின் அருகே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு வரும். அதில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று டைமிங்: வெரி எர்லி, எர்லி, ஸ்லைட்லி எர்லி, எக்ஸலன்ட், ஸ்லைட்லி லேட், லேட் என்று போகும். இன்னொன்று கவரேஜ். எதிராளி எவ்வளவு நெருக்கமாக இருந்தான் என்பதை வைடு ஓப்பன், ஓப்பன், கன்டெஸ்டட் என்பது போன்ற சொற்களில் காட்டும். பல பேர் மிகச் சரியாக விட்டதைக் காட்டும் பச்சை வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு, இரண்டாவது செய்தியைக் கண்டுகொள்வதே இல்லை. பாதிப் பிரச்சினைக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இந்தக் குறிப்பு வரவில்லை என்றால் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் ஷாட் ஃபீட்பேக் என்பதைத் தேடி எல்லா ஷாட்டுக்கும் வருமாறு வையுங்கள். அதே பக்கத்தில் ஷாட் டைமிங் என்று ஒன்று இருக்கும். அது ரியல் பிளேயர் பர்சென்டேஜ் என்ற தேர்வில் இருந்தால் நீங்கள் எப்போது விட்டாலும் ஒன்றுதான். ஆட்டக்காரரின் திறனை வைத்து ஆட்டமே முடிவு செய்துகொள்ளும். வீட்டில் தம்பியோ அக்கா மகனோ செட்டிங்ஸை நோண்டியிருந்தால் இது மாறிக் கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. யூசர் டைமிங்குக்குத் திருப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒரே ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு, ஃப்ரீஸ்டைல் பிராக்டிஸில் ஒரே இடத்தில் நின்று, முப்பது ஷாட் போடுங்கள். விழுந்ததா என்று எண்ண வேண்டாம். எத்தனை எர்லி, எத்தனை லேட் என்று மட்டும் ஒரு தாளில் கோடு போடுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

அறிகுறி: கிட்டத்தட்ட எல்லா ஷாட்டும் லேட்

தாளில் கோடுகள் எல்லாம் லேட் பக்கமே குவிந்திருந்தால் முதல் சந்தேகம் டிவி மேல்தான்.

கணக்கு எளிது. ஆட்டம் விநாடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடுகிறது என்றால் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. இன்றைய டிவிகள் படத்தை அழகாக்குவதற்காக ஒவ்வொரு ஃபிரேமையும் உள்ளே பிடித்துவைத்து வேலை செய்துவிட்டுத்தான் திரைக்கு அனுப்புகின்றன. கிரிக்கெட்டோ சினிமாவோ பார்க்கும்போது அந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. ஆனால் அது 100 மில்லிவிநாடி என்றாலே ஆறு ஃபிரேம். எறியும்போது ஆட்டக்காரரின் அருகே நிரம்பும் பட்டியான மீட்டர் உச்சிக்கு வந்துவிட்டதை நீங்கள் பார்க்கும்போது ஆட்டத்துக்குள் அந்தக் கணம் ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். நீங்கள் மிகச் சரியாக விட்டாலும் ஆட்டத்தின் கணக்கில் அது லேட்.

செய்ய வேண்டியவை. டிவியில் பிக்சர் மோடை கேம் மோடுக்கு மாற்றுங்கள். இந்த அமைப்பு பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். செட்-டாப் பாக்ஸ் போர்ட்டில் கேம் மோடு வைத்துவிட்டு, பிஎஸ்5 வேறு போர்ட்டில் ஓடிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. அசைவை மென்மையாக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். மோஷன் ஸ்மூத்திங், மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை அணைத்துவிடுங்கள். தாமதத்தைக் கூட்டுவதில் இதுதான் முதல் குற்றவாளி. கன்சோல், சவுண்ட்பார் வழியாக டிவிக்குப் போகிறது என்றால் ஒருமுறை நேராகச் செருகிப் பாருங்கள்.

கணினியில் ஆடுகிறவர்கள் வி-சிங்க்கை (ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் அமைப்பு) அணைத்துப் பார்க்கலாம். படம் கொஞ்சம் கிழிந்தாற்போல் தெரியலாம், ஆனால் விரலுக்கும் திரைக்கும் இடையே உள்ள இடைவெளி குறையும். கன்ட்ரோலர் புளூடூத்தில் இருந்தால் யூஎஸ்பி கேபிளில் போட்டு அதே முப்பது ஷாட்டை மறுபடி போடுங்கள். ரிமோட் ப்ளே வழியாக ஃபோனிலோ லேப்டாப்பிலோ ஆடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் ஷாட் டைமிங்கைத் துல்லியமாகப் பழகுவது வீண் வேலை. வைஃபையின் மனநிலையைப் பொறுத்துத் தாமதம் மாறிக்கொண்டே இருக்கும்.

கேம் மோடு போட்டதும் லேட் கோடுகள் எர்லி பக்கம் சாய்ந்தால் பயப்பட வேண்டாம். நல்ல செய்திதான். பழைய தாமதத்துக்கு உங்கள் விரல் ஈடுகட்டப் பழகியிருந்தது என்று அர்த்தம். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் லேட் என்றால்தான் விரலைப் பார்க்க வேண்டும். மீட்டர் நிரம்புவதைப் பார்த்துவிட்டு விடுகிறவர்கள் எப்போதும் தாமதமாகத்தான் விடுவார்கள். கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைவதற்குள் பல ஃபிரேம்கள் போய்விடும். நிரம்பப் போகிறது என்று தெரியும்போதே விட வேண்டும்.

அறிகுறி: எல்லாமே எர்லி

இதற்கு இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் பார்க்கும் இடம் தவறாக இருக்கிறது.

ஒரு ஜம்ப்ஷாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பந்து கைக்கு வருகிறது. முழங்கால் மடங்குகிறது. பந்து இடுப்பிலிருந்து மார்பைக் கடந்து நெற்றிக்கு மேலே போய் ஒரு நொடித்துண்டு நிற்கிறது. இதுதான் செட் பாயிண்ட். அங்கிருந்து முழங்கை நிமிர்கிறது, இது புஷ். கடைசியில் மணிக்கட்டு மடங்கி, விரல் நுனியிலிருந்து பந்து கழல்கிறது. இடையில் எங்கோ பாதம் தரையை விட்டுக் கிளம்பியிருக்கும். அது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் குதித்தபிறகு பந்தை உயர்த்துவார்கள். ஸ்டீஃபன் கரி போன்றவர்களிடம் பந்தும் உடம்பும் ஒரே ஓட்டமாக மேலே போகும், தனியாக நிற்கும் கணமே கண்ணில் படாது.

அண்மைப் பதிப்புகளில் இந்த நான்கில் எதை அடையாளமாக வைத்துப் பொத்தானை விடுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஜம்ப், செட் பாயிண்ட், புஷ், ரிலீஸ் என்று கன்ட்ரோலர் செட்டிங்ஸில் இருக்கும். அங்கே ரிலீஸ் என்று வைத்திருந்து, நீங்கள் பாதம் கிளம்பும்போதே விட்டால் எப்போதும் எர்லிதான். எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்று இல்லை. உங்கள் கண் இயல்பாக எங்கே போகிறதோ அதை வையுங்கள். என்னைக் கேட்டால், புதிதாக ஆடுகிறவர்களுக்குப் புஷ் நல்லது என்பேன். முழங்கை நிமிர்வது தூரத்திலிருந்தும் தெரியும், எதிராளி மறைத்தாலும் தெரியும்.

இன்னொரு காரணம், வேகமான ஷாட் உள்ள ஆட்டக்காரரை ஓரிரு வாரம் ஆடிவிட்டு, மெதுவான ஷாட் உள்ள ஒரு சென்டரை (ரிங்குக்கு அருகே ஆடும் உயரமான ஆள்) எடுத்திருப்பது. உயரமான ஆட்கள் பந்தை மேலே கொண்டுபோவதற்கே நேரம் எடுத்துக்கொள்வார்கள். பொறுமை வேண்டும்.

அறிகுறி: ஒன்று எர்லி, ஒன்று லேட், கணக்கே இல்லை

தாளில் கோடுகள் இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கின்றனவா? இங்கே முதலில் கேட்க வேண்டியது, எத்தனை ஆட்டக்காரர்களின் ஷாட்டை ஒரே நேரத்தில் பழகப் பார்க்கிறீர்கள் என்பதை. நீங்களே அணி சேர்த்து ஆடும் மைடீமில் ஐந்து பேரும் ஐந்து விதமாக எறிவார்கள். ஐந்தையும் விரலில் ஏற்றிக்கொள்ள முயல வேண்டாம். அணியில் இரண்டு ஷூட்டர்களைத் தேர்ந்தெடுத்து, தூர ஷாட் எல்லாம் அவர்களுக்கே போகும்படி ஆடுங்கள். மற்றவர்களுக்கு ரிங்குக்குக் கீழே வேலை கொடுங்கள்.

நீங்களே உருவாக்கிய ஒருவரை மட்டும் ஆடும் மைகரியரில் ஒரே ஆள்தான் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே வேறொன்று இருக்கிறது. நின்று எறியும் ஷாட்டும், டிரிபிள் செய்துகொண்டே (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே) வந்து எறியும் ஷாட்டும் ஒரே அசைவு இல்லை. பந்தைத் தரையிலிருந்து எடுத்துக் கைக்குள் கொண்டுவரும் நேரம் கூடுதலாகச் சேரும். முப்பது ஷாட் சோதனையை இரண்டு விதமாகப் பிரித்து, பாஸ் வாங்கி எறிவது பதினைந்து, டிரிபிளிலிருந்து பதினைந்து என்று போட்டால் சிதறல் இரண்டு தனிக் குவியலாகப் பிரிவதைப் பார்க்கலாம்.

அதுவும் இல்லை என்றால் ஃபிரேம் ரேட். கணினியில் கிராஃபிக்ஸை உச்சத்தில் வைத்து, கூட்டம் நிறைந்த அரங்கில் 45-க்கும் 60-க்கும் இடையே ஃபிரேம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் யாராலும் ஒரே தாளத்தில் விட முடியாது. கூட்டத்தின் நுணுக்கம், நிழல், பிரதிபலிப்பு மூன்றையும் குறையுங்கள். பார்வையாளர்களின் முகம் தெளிவாகத் தெரிந்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அறிகுறி: டைமிங் சரி என்கிறது, பந்து உள்ளே போக மறுக்கிறது

அதிகம் பேர் கத்துவது இதற்குத்தான். ஸ்லைட்லி எர்லி, ஸ்லைட்லி லேட் என்று வருகிறது, ஆனாலும் விழவில்லை. ஆட்டம் ஏமாற்றுகிறது என்று கன்ட்ரோலரைத் தூக்கி சோபாவில் எறிகிறோம்.

பச்சை என்பது ஒரு ஜன்னல். அதற்குள் விட்டால் பந்து விழும். அந்த ஜன்னலின் அகலம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறுகிறது. ஆட்டக்காரரின் த்ரீ-பாயிண்ட் அல்லது மிட்-ரேஞ்ச் ரேட்டிங் கூடினால் ஜன்னல் பெரிதாகும். எதிராளி நெருங்கினால் சுருங்கும். ஓடிக்கொண்டே, சாய்ந்துகொண்டே எறிந்தால் சுருங்கும். தூரம் கூடினால், களைத்தால், டிஃபிகல்ட்டி கூடினால், எல்லாவற்றுக்கும் சுருங்கும். ஜன்னலுக்கு வெளியே, ஆனால் அருகே விட்டால் ஆட்டம் ரேட்டிங்கையும் கவரேஜையும் வைத்து ஒரு சீட்டுக் குலுக்குகிறது. ஸ்லைட்லி லேட் சில நேரம் விழுவதும் சில நேரம் விழாததும் அதனால்தான்.

அதனால் குறிப்பின் இரண்டாவது செய்தியைப் பாருங்கள். விழாத ஷாட்களில் பெரும்பாலானவை கன்டெஸ்டட் என்று இருந்தால் உங்கள் பிரச்சினை ஷூட்டிங் இல்லை, ஷாட் தேர்வு.

நிஜத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் ஆட்டத்தின் மேல் கோபம் குறையும். 2015-16 சீசனில் கரி 402 த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) போட்டார். அதற்கு முன்பு யாரும் ஒரே சீசனில் 400-ஐத் தொட்டதில்லை. அந்த அற்புதமான வருடத்திலும் அவருடைய விகிதம் 45.4 சதவீதம். அதாவது பாதிக்கு மேல் வெளியே போயின. மறுமுனையில் ஷகீல் ஓ'நீல் தன் முழு என்பிஏ வாழ்க்கையிலும் 22 த்ரீ முயன்று ஒன்றைத்தான் போட்டார். ரேட்டிங் எண்கள் இந்த உண்மைகளிலிருந்துதான் பிறக்கின்றன. த்ரீ ரேட்டிங் அறுபதுகளில் இருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு ஆள் மேல் ஆளாக நிற்கும்போது எறிந்தால் விரல் என்ன செய்யும்?

எனவே எறியும் ஆளின் எண்ணைப் பாருங்கள். ஆட்டத்தை நிறுத்தி அட்ரிபியூட்ஸ் பக்கத்தில் பார்த்துவிடலாம். எண்பதுக்கு மேல் இருந்தால் நம்பிக் கொடுக்கலாம். எழுபதுகளில் இருந்தால் ஆள் இல்லாத நேரத்தில் மட்டும். அதற்குக் கீழே என்றால் ரிங்கை நோக்கி ஓடச் சொல்லுங்கள். அப்புறம் பேட்ஜ், அதாவது ஆட்டக்காரருக்கு இருக்கும் தனிச் சிறப்புத் திறன். டெட்ஐ இருப்பவருக்கு எதிராளியின் கை குறைவாகப் பாதிக்கும், லிமிட்லெஸ் ரேஞ்ச் இருப்பவர் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றும் எறியலாம். பேட்ஜ் பெயர்களும் வேலைகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் உங்கள் பதிப்பில் உள்ள விளக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இடம் இல்லாமல் எறிகிறவர்களுக்கு மருந்து ஸ்கிரீன். எல்1 பொத்தானைப் பிடித்தால் சக ஆட்டக்காரர் வந்து எதிராளியின் வழியில் நிற்பார். நீங்கள் அவருடைய தோளை உரசினாற்போல் கடந்து போக வேண்டும். நடுவே ஒரு ஆள் நுழையும் இடைவெளி விட்டால் எதிராளி அதில் புகுந்து வந்துவிடுவான். கடந்ததும் உங்களைக் காத்தவன் பின்னால் மாட்டிக்கொண்டு, ஸ்கிரீன் போட்டவரைக் காத்தவன் பின்வாங்கி நிற்கிறானா? அந்த அரை நொடிதான் ஷாட். அவன் முன்னே பாய்கிறானா? ஸ்கிரீன் போட்டவர் ரிங்கை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டிருப்பார், அவருக்குப் பாஸ். இந்த ஒரு முடிவைச் சரியாக எடுக்கக் கற்றுக்கொண்டால் ஷூட்டிங் விகிதம் தானாக ஏறும், விரல் ஒரு மில்லிவிநாடிகூட முன்னேறாமலே.

பாஸ் வாங்கியதும் எறிவது இன்னும் எளிது. கிளே தாம்சன் 2016 டிசம்பர் 5 அன்று இந்தியானா பேசர்ஸுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார். அந்த 60 புள்ளிக்கும் சேர்த்து அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறை. 2கேயில் ஆளுக்கு ஆள் பதினைந்து நொடி டிரிபிள் காட்டிவிட்டு, ஷாட் கிளாக் (எறிவதற்கான நேரக் கெடு) முடியும்போது இரண்டு பேர் மேல் எறிகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். மூலையில் நிற்கும் ஆளுக்குப் பந்து போகட்டும். அங்கே தூரம் குறைவு: மூலையில் த்ரீ கோடு ரிங்கிலிருந்து 22 அடி, நடுவில் 23 அடி 9 அங்குலம்.

2கே25-இல் ஆடுகிறவர்கள் ஷாட் டைமிங் ப்ரொஃபைல் என்பதையும் பாருங்கள். அதிக ரிஸ்க் தேர்வில் பச்சை ஜன்னல் பெரிது, ஆனால் தவறினால் குலுக்கல் சீட்டெல்லாம் கிடையாது, பந்து வெளியேதான். குறைந்த ரிஸ்க்கில் ஜன்னல் சிறிது, தவறினாலும் நல்ல ரேட்டிங்கும் ஆளில்லாத இடமும் கைகொடுக்கும். ஸ்லைட்லி லேட்டில் ஒன்றுகூட விழவில்லை என்று புலம்புகிறவர் தெரியாமல் அதிக ரிஸ்க்கில் இருக்கலாம். பழகும் வரை குறைந்த ரிஸ்க் போதும்.

அறிகுறி: நின்றால் விழுகிறது, நகர்ந்தால் விழவில்லை

ஆர்2-வை விடாமலே எறிகிறீர்களா என்று பாருங்கள். ஓட்டத்துக்கான பொத்தானையும் இடது ஸ்டிக்கையும் பிடித்தபடியே சதுரத்தை அழுத்தினால் ஆட்டக்காரர் ஓட்டத்தின் திசையிலேயே மிதந்துகொண்டு எறிவார். அது ரன்னிங் ஷாட்டாகவோ ஃபேட் (சாய்ந்து எறிவது) ஆகவோ மாறிவிடும். வரிசை இப்படி இருக்கட்டும்: ஆர்2-வை விடு, இடது ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவா, பிறகு சதுரம். மூன்றும் ஒரே கணத்தில் நடந்தால் ஆகாது. முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் இடையே மூச்சு விடும் நேரம் வேண்டும். பிராக்டிஸில் வேண்டுமென்றே மிகைப்படுத்தி, நின்று ஒரு கணம் கழித்து எறிந்து பாருங்கள். பிறகு அந்தக் கணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள்.

அறிகுறி: ஸ்டிக்கைத் தொடவே இல்லை, ஆனாலும் சாய்ந்து எறிகிறான்

ஸ்டிக் டிரிஃப்ட், அதாவது ஸ்டிக் தொடாமலே நகர்வது. கன்சோலின் செட்டிங்ஸிலோ கணினியின் கன்ட்ரோலர் சோதனையிலோ இடது ஸ்டிக்கைத் தொடாமல் வைத்துப் பாருங்கள். புள்ளி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் நகர்ந்தால் அதுதான். டெட் ஸோனை (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத எல்லை) கூட்டினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். ஸ்டிக்கின் அடியில் தூசி இருந்தால் ஊதிச் சுத்தம் செய்தால் சில நேரம் சரியாகும். தேய்ந்துபோயிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: வலது ஸ்டிக்கால் எறிந்தால் ஒன்றும் பிடிபடவில்லை

வருத்தப்பட வேண்டாம், உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. 2020-இல் 2கே21 வந்தபோது ஸ்டிக்கால் குறிபார்த்து எறியும் புதிய முறையை வைத்தார்கள். அந்த ஆட்டத்தின் அட்டையில் இருந்த என்பிஏ வீரர் டேமியன் லில்லர்டே இதைச் சரிசெய்ய வேண்டும் என்று ட்விட்டரில் சொல்லும் நிலை வந்தது. பிறகு கீழ்நிலை டிஃபிகல்ட்டிகளில் அதை எளிதாக்கினார்கள்.

2கே25-இல் வந்த ரிதம் ஷூட்டிங் வேறு மாதிரி. ஸ்டிக்கைக் கீழே இழுக்கும்போது ஷாட் தொடங்கும், சரியான கணத்தில் மேலே தள்ள வேண்டும். இங்கே இரண்டு விஷயம் பார்க்கப்படுகிறது. எப்போது தள்ளினீர்கள் என்பது ஒன்று, எவ்வளவு வேகமாகத் தள்ளினீர்கள் என்பது இன்னொன்று. வேகமாக எறியும் ஆட்டக்காரருக்கு வேகமாக, நிதானமாக எறிகிறவருக்கு நிதானமாக. பெரும்பாலோர் எல்லோருக்கும் ஒரே வெட்டில் தள்ளிவிடுவதால்தான் சிதறுகிறது. இதைப் பழகுவது என்று முடிவு செய்தால் இரண்டு வாரம் பொத்தானைத் தொடாதீர்கள். மாற்றி மாற்றி ஆடினால் இரண்டும் கெடும்.

அறிகுறி: பிராக்டிஸில் மழை, ஆன்லைனில் வறட்சி

பிராக்டிஸ் அரங்கில் உங்களுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே கன்ட்ரோலரும் திரையும் மட்டும்தான். ஆன்லைனில் நடுவே ஒரு சர்வரும் வந்து உட்காருகிறது. ஆஃப்லைனில் விரல் பழகிய கணம் அங்கே அப்படியே பொருந்தாது.

முதலில் வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள். ரௌட்டர் கூடத்திலும் கன்சோல் அறையிலும் இருக்கிறது என்றால் நீளமான கேபிள் ஒன்று வாங்குவது எந்தப் புது கன்ட்ரோலரையும் விடப் பயனுள்ள செலவு. வைஃபையில் பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) சராசரியாகக் குறைவாகவே இருந்தாலும் நடுநடுவே குதிக்கும். தாமதம் எப்போதும் ஒரே அளவு என்றால் விரல் பழகிக்கொள்ளும். குதிக்கும் தாமதத்துக்குப் பழக முடியாது. வீட்டில் யாராவது பெரிய கோப்பை டவுன்லோட் செய்துகொண்டிருந்தால், அல்லது கன்சோலே பின்னணியில் அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தால் மேட்சைத் தள்ளிப்போடுங்கள்.

கேபிள் போட்ட பிறகு, ஆன்லைன் மேட்ச் தொடங்குவதற்கு முன் பந்து தட்டிக்கொண்டு நிற்கும் நேரம் கிடைத்தால் அங்கேயே சில ஷாட் போடுங்கள். அன்றைய தாமதம் என்ன என்று விரலுக்குத் தெரிந்துவிடும். மீட்டரை மட்டும் நம்புவதைவிட ஆட்டக்காரரின் முழங்கையைப் பார்த்து விடப் பழகியவர்கள் ஆன்லைனில் கொஞ்சம் எளிதாகத் தப்பிக்கிறார்கள்.

இன்னொன்று, பிராக்டிஸில் உங்களுக்கு எதிரே யாரும் இல்லை. மேட்சில் விழாதது பெரும்பாலும் கன்டெஸ்டட் என்றால் இணையத்தைத் திட்டாமல் ஸ்கிரீன் பற்றிய பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: முதல் பாதியில் விழுந்தது, நாலாவது குவார்ட்டரில் நின்றுவிட்டது

ஆட்டக்காரரின் காலடியிலோ பெயருக்குக் கீழேயோ இருக்கும் எனர்ஜி பட்டியைப் பாருங்கள். அது இறங்கியிருந்தால் ஷாட்டும் இறங்கும். பந்து இல்லாதபோதும் ஆர்2-வைப் பிடித்துக்கொண்டே ஓடுவது ஒரு கெட்ட பழக்கம். தடுப்பாட்டத்துக்குத் திரும்பும்போது தேவையிருந்தால் ஓடுங்கள், மற்ற நேரம் நடக்கட்டும். டைம்-அவுட்டைச் சேமித்துவைத்துப் பயனில்லை. முக்கியமான ஷூட்டரை மூன்றாவது குவார்ட்டரின் கடைசியில் கொஞ்ச நேரம் உட்காரவைத்தால் முடிவுக் கட்டத்தில் புதுக் காலோடு வருவார்.

அறிகுறி: ரிங்குக்குக் கீழேயே லேஅப் தவறுகிறது

லேஅப் என்பது ரிங்குக்கு அருகே ஓடிவந்து போடும் ஷாட். லேஅப் டைமிங் இயக்கத்தில் இருந்தால் அதற்கும் தனிக் கணம் உண்டு, அது ஜம்ப்ஷாட்டைவிடச் சீக்கிரம் வரும். பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். அதைவிட முக்கியம் கோணம். ரிங்குக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு எறிந்தால் பின்னால் நிற்கும் சென்டரின் கைக்கு அல்வா மாதிரி. பக்கவாட்டிலிருந்து, போர்டைப் பயன்படுத்தும் கோணத்தில் வாருங்கள். இரண்டு பேர் உள்ளே காத்திருந்தால் லேஅப் முயலவே வேண்டாம். அவர்கள் விட்டுவந்த இருவரில் ஒருவர் வெளியே கைநீட்டிக்கொண்டு நிற்பார்.

அறிகுறி: ஃப்ரீ த்ரோ மட்டும்

ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் எறிவதுதான் ஃப்ரீ த்ரோ. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அந்த அசைவு தனி. ஷகீல் ஓ'நீலுடைய என்பிஏ விகிதமே 52.7 சதவீதம்தான், அவரை வைத்து உங்களை அளக்காதீர்கள். உங்கள் முக்கிய ஆட்டக்காரருக்குப் பிராக்டிஸில் இருபது ஃப்ரீ த்ரோ போட்டுப் பார்த்தால் போதும். கைக்குள் பந்து சுழல்வதையும் தட்டுவதையும் பார்த்துக் குழம்பாமல், பந்து நெற்றிக்கு மேலே ஏறும் கணத்திலிருந்து மட்டும் எண்ணுங்கள்.

ஜம்ப்ஷாட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

மைகரியரில் ஜம்ப்ஷாட் கிரியேட்டர் இருக்கிறது. ஒரு பேஸ் (ஷாட்டின் அடிப்படை அசைவு), இரண்டு ரிலீஸ் (பந்தை விடும் அசைவு), அவற்றைக் கலக்கும் அளவு, வேகம் என்று தேர்ந்தெடுக்கலாம். உயரமும் ரேட்டிங்கும் பொருந்தினால்தான் சில பேஸ்கள் திறக்கும். யூடியூபில் வாரத்துக்கு ஒரு சிறந்த ஜம்ப்ஷாட் வருகிறது. அதைச் சொல்பவருடைய இணையமும் திரையும் விரலும் உங்களுடையவை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மிக வேகமானதைத் தேட வேண்டாம். செட் பாயிண்ட் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஒன்றைத் தேடுங்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்துப் பழகிவிட்டு, கோடுகள் நடுவில் குவிய ஆரம்பித்ததும் ஒரு படி ஏற்றுங்கள்.

மாற்றியபின் குறைந்தது ஒரு வாரம் அதிலேயே இருங்கள். அந்த வாரத்தில் டிவி அமைப்பையோ கன்ட்ரோலரையோ டிஃபிகல்ட்டியையோ தொட வேண்டாம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வாரக் கடைசியில் அதே இடத்தில் நின்று, அதே முப்பது ஷாட்டைப் போட்டு, பழைய தாளுக்குப் பக்கத்தில் புதுத் தாளை வைத்துப் பாருங்கள். எர்லி, லேட் கோடுகள் குறைந்து நடுவில் குவிந்திருந்தால் அந்த ஜம்ப்ஷாட் உங்களுடையது. குறையவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடுங்கள்.